பங்கு பிரிக்கும் நாள்



பெண்கள் சேர்ந்து செய்யும் ஒரு தொழில் எந்த நாளில் முறிகிறது என்று கேட்டால், நட்டம் வந்த நாளில் என்றுதான் பலரும் சொல்வார்கள். குழுக்களோடு வேலை செய்த இத்தனை வருடத்தில் நான் கண்டது வேறு. நட்டம் வந்த நாளில் நம் பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிறார்கள். "போனது போகட்டும், அடுத்த மாதம் பார்ப்போம்" என்று சொல்லி எழும்புகிறார்கள். இலாபம் வந்து, காசை மேசையில் வைத்துப் பங்கு பிரிக்கும் நாளில்தான் முகங்கள் மாறுகின்றன. ஒருவர் வாய் திறந்து கேட்கிறார். இன்னொருவர் கேளாமல் மனதுக்குள் வைத்துக்கொள்கிறார். அடுத்த மாதம் ஒருவர் வருவதில்லை. அதற்கடுத்த மாதம் மெசின் மூடிக் கிடக்கிறது.

"கூடி வாழ்ந்தால் கோடி நன்மை" என்று நம் முன்னோர் சொன்னார்கள். அந்தக் கோடியை எப்படிப் பிரிப்பது என்று அந்தப் பழமொழியில் இல்லை. அதைப் பற்றி யோசித்த ஓர் அறிவுத்துறை இருக்கிறது. அதன் பெயர் கூட்டுறவு விளையாட்டுக் கோட்பாடு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சமூகவியல் படித்த எனக்கும் கணிதம் தூரத்து உறவுதான். ஆனால் இந்தக் கணக்குக்குக் கூட்டல், கழித்தல், பிரித்தல் தெரிந்தால் போதும்.

இங்கே விளையாட்டு என்பது பிள்ளைகளின் கிளித்தட்டு அல்ல. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவருக்குக் கிடைக்கும் பலனையும் மாற்றுமானால், அந்த நிலைமையைக் கணித அறிஞர்கள் விளையாட்டு என்கிறார்கள். ஜோன் வொன் நியூமன், ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்ன் என்ற இருவர் 1944ஆம் ஆண்டு வெளியிட்ட பெரிய நூலோடு இத்துறை வளரத் தொடங்கியது. பலர் சேர்ந்து உழைத்தால் வருவதை நியாயமாக எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு, 1953இல் அமெரிக்கரான லொயிட் ஷப்லி ஒரு விடை எழுதினார். அவருக்கு 2012இல் அல்வின் ரொத் என்பவரோடு சேர்த்துப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2016இல் தமது 92ஆவது வயதில் அவர் காலமானார்.

மூன்று பெண்கள், ஒரு மெசின்

ஷப்லியின் விடையை நமக்குத் தெரிந்த தொழிலில் வைத்துப் பார்ப்போம். கறித்தூளும் அரிசிமாவும் செய்து விற்கும் மூன்று பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் அரைக்கும் மெசின் இருக்கிறது. இன்னொருவருக்கு வறுக்கும் பக்குவமும் சேர்மான அளவும் தெரியும். மூன்றாமவரிடம் ஒரு பழைய சைக்கிள் மட்டும் உண்டு. அவர் கடை கடையாகப் போய் விற்று வருவார். இவர்களை மெசினக்கா, பக்குவக்கா, சைக்கிள் தங்கச்சி என்று அழைப்போம். கீழே வரும் தொகைகள் கணக்கு இலகுவாக இருப்பதற்காக நான் போட்டவை.

மெசினக்கா தனியே இருந்தால், ஊராருக்கு அரைத்துக் கொடுத்து மாதம் 6,000 ரூபா உழைப்பார். பக்குவக்கா தனியே உரலில் இடித்தால் 3,000 ரூபா. சைக்கிள் தங்கச்சிக்குத் தனியே விற்க ஒன்றுமில்லை, அவருக்குப் பூச்சியம். மெசினக்காவும் பக்குவக்காவும் சேர்ந்தால் 21,000. மெசினக்காவும் தங்கச்சியும் சேர்ந்தால் 12,000. பக்குவக்காவும் தங்கச்சியும் சேர்ந்தால் 9,000. மூவரும் சேர்ந்தால் செலவு போக 30,000 ரூபா மிஞ்சும்.

இந்த 30,000 ரூபாவை எப்படிப் பிரிப்பது? ஆளுக்குப் பத்தாயிரம் என்று சமமாகப் பிரிக்கலாம் என்பதே முதலில் தோன்றும். நல்ல மனதோடு வரும் யோசனைதான். ஆனால் அக்காமார் இருவருக்கும் சேர்த்து அப்போது 20,000 கிடைக்கும். அவர்கள் தங்கச்சியை விட்டுவிட்டுத் தாங்களே செய்தால் 21,000 வரும். இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் அந்த ஆயிரம் ரூபா அவர்கள் கண்ணில் படும். உள்ளேயுள்ள எந்தச் சிறு கூட்டமும் பிரிந்துபோய்க் கூடுதலாக உழைக்க முடியாதபடி அமைந்த பங்கீடுகளுக்கு இக்கோட்பாட்டில் "கரு" என்று பெயர். பங்கீடு கருவுக்கு வெளியே இருந்தால், குழுவுக்குள் ஒரு வெடிப்பு இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் மறுபக்கம் போவோம். "மெசின் என்னுடையது, பக்குவம் அவருடையது, தங்கச்சி விற்கத்தானே போகிறாள், கூலியாக 2,000 கொடுப்போம்" என்று அக்காமார் முடிவு செய்கிறார்கள். மெசினக்காவுக்கு 16,000, பக்குவக்காவுக்கு 12,000, தங்கச்சிக்கு 2,000. இந்தப் பங்கீட்டில் எவருக்கும் பிரிந்துபோவதால் இலாபம் இல்லை. தங்கச்சி தனியே போனால் பூச்சியம். எந்த ஒரு அக்காவோடு அவர் தனியாகச் சேர்ந்தாலும், அந்த இருவருக்கும் இப்போது கிடைப்பதைவிடக் குறைவாகவே வரும். ஆகவே குழு முறியாது. சத்தமும் வராது. தலைவி கூட்டத்தில் எழும்பி "எங்கள் குழுவில் பிரச்சினை ஒன்றும் இல்லை" என்றும் சொல்லலாம்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தங்கச்சி வாய் திறக்காமல் இருப்பது பங்கு நியாயமாக இருப்பதால் அல்ல. அவருக்குப் போக வேறு இடமில்லை. குழு உடையாமல் இருப்பது ஒன்று, பங்கு நியாயமாக இருப்பது வேறொன்று. நம் ஊர்களில் பல குழுக்கள் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணித்தான் நடக்கின்றன.

ஷப்லியின் கணக்கு

ஷப்லி கேட்ட கேள்வி எளிமையானது. ஒருவர் வந்து சேர்வதால் எவ்வளவு கூடுகிறது? ஆனால் அவர் எப்போது வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆகவே மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கதவால் உள்ளே வருவதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று பேர் ஆறு விதமான வரிசையில் வரலாம். ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் உள்ளே வந்ததும் எவ்வளவு கூடியது என்று எழுதி, ஆறையும் கூட்டி ஆறால் பிரித்தால் வருவதுதான் அவருடைய பங்கு. இதை ஷப்லி பெறுமதி என்கிறார்கள்.

தங்கச்சிக்குப் பார்ப்போம். இரண்டு வரிசைகளில் அவர் முதலாவதாக வருகிறார், கூடுவது பூச்சியம். மெசினக்காவுக்கு அடுத்து வந்தால் 6,000 ரூபா 12,000 ஆகிறது, கூடியது 6,000. பக்குவக்காவுக்கு அடுத்து வந்தால் 3,000 ரூபா 9,000 ஆகிறது, அதுவும் 6,000. மீதி இரண்டு வரிசைகளில் கடைசியாக வருகிறார். அப்போது 21,000 ரூபா 30,000 ஆகிறது, ஒவ்வொன்றிலும் 9,000. மொத்தம் 30,000. ஆறால் பிரித்தால் 5,000 ரூபா. இதேபோலப் பார்த்தால் மெசினக்காவுக்கு 14,000, பக்குவக்காவுக்கு 11,000 வரும். ஒரு கடதாசியில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்தப் பங்கீட்டில் எந்த இருவருக்கும் பிரிந்துபோக ஆசை வராது. அதோடு தங்கச்சியின் சைக்கிள் மிதிப்புக்கும் ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. "கூலி" என்று 2,000 கொடுத்தபோது, அவருடைய 3,000 ரூபா ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் வேறு கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் பாருங்கள். பக்குவக்காவும் தங்கச்சியும் சேமித்து, கொஞ்சம் கடனும் எடுத்து, ஒரு சிறிய மெசின் வாங்கக்கூடிய நிலைக்கு வருகிறார்கள் என்று வைப்போம். கடன் தவணை கட்டியபின் இருவரும் சேர்ந்து 9,000 அல்ல, 18,000 உழைக்கலாம். அவர்கள் பிரிந்து போகவில்லை. மூவருடைய மொத்தமும் அதே 30,000தான். இப்போது மறுபடி கணக்குப் போட்டால், தங்கச்சியின் பங்கு 5,000இலிருந்து 6,500 ஆகிறது. பக்குவக்காவுக்கு 12,500, மெசினக்காவுக்கு 11,000. தங்கச்சி ஒரு மணித்தியாலம் கூடுதலாக வேலை செய்யவில்லை. போக ஒரு வழி திறந்தது, அவ்வளவுதான். சேமியுங்கள், ஒரு தொழில் பழகுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஏன் என்று இப்போது விளங்கும். அந்தச் சேமிப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் குழுவை விட்டுப் போகவேண்டும் என்றில்லை. குழுவுக்குள் இருக்கும்போதே அது உங்கள் பங்கைத் தூக்கிப் பிடிக்கிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு குறையும் உண்டு. தங்கச்சியிடம் ஏன் மெசின் இல்லை என்று அது கேட்காது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தபோது தையல் மெசினையும் தாலிக்கொடியையும் ஆட்டையும் மாட்டையும் இழந்த பெண்ணும், ஒன்றும் இழக்காத பெண்ணும் ஒரே கோட்டில் நிற்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். அந்தக் கேள்வியை நாம்தான் கேட்கவேண்டும். குழு விரும்பினால் இலாபத்தில் ஒரு பகுதியைப் பொதுநிதியாக முதலில் ஒதுக்கி, இழந்தவருக்குக் கைகொடுக்கலாம். ஆனால் உரிமையான பங்கு எது, உதவி எது என்று பிரித்து எழுதுங்கள். உரிமையை உதவி போலக் கொடுத்தால் வாங்குபவர் தலைகுனிவார். உதவியை உரிமை போலக் கேட்டால் கொடுப்பவர் மனம் கசக்கும்.

ஓடுபாதையும் தண்ணீர்க் குழாயும்

செலவைப் பிரிப்பதற்கும் இதே முறை உதவும். 1970களில் ஸ்டீபன் லிட்டில்சைல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் விமான நிலையத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். சிறிய விமானத்துக்குக் குறுகிய ஓடுபாதை போதும். பெரிய விமானத்துக்கு நீண்ட பாதை வேண்டும். கட்டிய செலவை யார் எவ்வளவு தருவது? ஷப்லி பெறுமதியின்படி விடை மிக எளிமையாக வந்தது. பாதையின் முதற்பகுதி எல்லாருக்கும் தேவை. அதன் செலவை எல்லாரும் சமமாகத் தரவேண்டும். அதற்கு மேல் நீண்ட பகுதியை, அது தேவைப்படுவோர் மட்டும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இதை நம் ஒழுங்கைக்குக் கொண்டு வருவோம். தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஒரே குழாயில் மூன்று வீடுகளுக்குத் தண்ணீர் எடுக்கவேண்டும். முதல் வீடுவரை 12,000 ரூபா, அங்கிருந்து இரண்டாவது வீடுவரை 12,000, அங்கிருந்து மூன்றாவது வீடுவரை 12,000. முதற்பகுதியை மூவரும் பிரித்தால் ஆளுக்கு 4,000. இரண்டாவது பகுதி பின்னாலுள்ள இருவருக்கும் ஆளுக்கு 6,000. கடைசிப் பகுதி கடைசி வீட்டுக்கு மட்டும் உரியது. ஆக முதல் வீடு 4,000, இரண்டாவது 10,000, மூன்றாவது 22,000. கடைசி வீட்டில் தனித்துவாழும் ஒரு வயோதிபத் தாய் இருந்தால் 22,000 அவரால் முடியாது. அப்போது மற்ற இரு வீட்டாரும் இவ்வளவு தருகிறோம் என்று பேசி எழுதலாம். "எல்லாரும் சமமாகப் போடுவோம்" என்று மொட்டையாகத் தொடங்கி, பிறகு முதல் வீட்டார் வேலியோரம் நின்று முணுமுணுப்பதைவிட இது நல்லது.

காசு போதாதபோது

சில நேரம் பிரிப்பதற்கு வந்திருப்பது எல்லாருக்கும் சேரவேண்டியதைவிடக் குறைவாக இருக்கும். யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத்தில் இப்படி ஒரு வழக்கு உண்டு. ஒரு மனிதர் மூன்று மனைவியரை விட்டு இறந்துவிடுகிறார். திருமண ஒப்பந்தத்தின்படி ஒருவருக்கு 100, ஒருவருக்கு 200, ஒருவருக்கு 300 சேரவேண்டும். விட்டுச்சென்றது 100 மட்டும் என்றால் மூவருக்கும் சமம் என்கிறது நூல். 200 என்றால் 50, 75, 75. 300 என்றால் 50, 100, 150. இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று அறிஞர்கள் நெடுங்காலம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1985இல் ரொபேர்ட் ஓமன், மைக்கல் மஷ்லர் என்ற இருவர் கூட்டுறவு விளையாட்டுக் கோட்பாட்டைக் கொண்டு அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஓமன் 2005இல் நோபல் பரிசு பெற்றவர்.

அதே நூலில் இருக்கும் ஒரு துணிதான் அதற்குத் திறவுகோல். ஒருத்தி துணி முழுவதும் தனது என்கிறாள். மற்றவள் பாதி தனது என்கிறாள். இரண்டாமவள் மறுபாதியைக் கேட்கவே இல்லை. ஆகவே அந்தப் பாதி முதலாமவளுக்கு. பிணக்குள்ள பாதியை மட்டும் இருவருக்கும் சரிபாதியாகப் பிரிக்கவேண்டும். முதலாமவளுக்கு முக்கால், இரண்டாமவளுக்குக் கால். மேலே சொன்ன மூன்று மனைவியரில் எந்த இருவரை எடுத்துப் பார்த்தாலும், அவர்கள் இருவரும் பெற்றது இந்தத் துணி முறைப்படியே பிரிந்திருக்கும்.

நம்மிடையே இது சீட்டு முறிந்த இடத்துக்குப் பொருந்தும். 10,000, 20,000, 30,000 கட்டிய மூவர். சீட்டுப் பிடித்தவரிடம் மிஞ்சியது 20,000 மட்டும். கட்டிய விகிதப்படி பிரித்தால் சின்னத் தொகை கட்டியவருக்கு 3,333 ரூபாதான் கிடைக்கும். துணி முறைப்படி 5,000, 7,500, 7,500. காசு மிகக் குறைவாக இருக்கும்போது இம்முறை சிறிய தொகைக்காரரைக் காக்கிறது. பெரும்பகுதி மீண்டு வந்தால், பெரிய தொகை கட்டியவருக்கு அனுகூலமாகத் திரும்புகிறது. எந்த முறையை எடுப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் சீட்டுத் தொடங்கும் நாளிலேயே அதைப் பேசி எழுதிவிடுங்கள். முறிந்த பின் பேச உட்கார்ந்தால், சத்தமாகக் கதைப்பவருக்குத்தான் பங்கு கூடும்.

கதிரை உண்டு, குரல் உண்டா?

கடைசியாக வாக்கைப் பற்றி. பங்கைத் தீர்மானிப்பது கூட்டம். கூட்டத்தைத் தீர்மானிப்பது வாக்கு. ஷப்லியும் மார்ட்டின் ஷூபிக் என்பவரும் 1954இல் ஒரு சபையில் யாருக்கு எவ்வளவு பலம் என்று அளக்கும் முறையை வகுத்தார்கள். அவர்கள் பார்த்தது, ஒருவருடைய வாக்கு எத்தனை தடவை தோல்வியை வெற்றியாக்கும் என்பதை.

1958இல் இயங்கத் தொடங்கிய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் ஆறு நாடுகள் இருந்தன. அமைச்சர் சபையில் பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி ஆகியவற்றுக்குத் தலா 4 வாக்கு. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் தலா 2. சிறிய நாடான லக்சம்பேர்க்குக்கு 1. மொத்தம் 17. ஆணைக்குழு கொண்டுவரும் பிரேரணை பெரும்பான்மை வாக்கால் நிறைவேற 12 வேண்டும். லக்சம்பேர்க்கின் வாக்கு பயன்பட வேண்டுமானால் மற்றவர்களுடையது சரியாக 11ஆக நிற்கவேண்டும். மற்றவர்களிடம் இருப்பதோ 4உம் 2உம். இரட்டை எண்களை எப்படிக் கூட்டினாலும் 11 வராது. 1973இல் புதிய நாடுகள் சேர்ந்து வாக்குகள் மாற்றியமைக்கப்படும்வரை, அத்தகைய வாக்கெடுப்பு எதிலும் லக்சம்பேர்க்கின் வாக்கால் முடிவு மாறியிருக்க முடியாது. கதிரையும் பெயர்ப்பலகையும் கொடியும் இருந்தன.

உங்கள் சங்கத்தின் நிர்வாகத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணையோ, மாற்றுத்திறனாளிப் பெண்ணையோ, அண்மையில் குடியமர்ந்த ஒருவரையோ சேர்த்திருக்கிறீர்களா? நல்லது. அவருடைய வாக்கால் கடந்த வருடத்தில் ஒரு முடிவாவது மாறியதா? தலைவியும் அவருடைய மச்சாளும் தங்கச்சியும் எப்போதும் ஒன்றாகக் கை உயர்த்தினால், ஐந்து பேர் கொண்ட நிர்வாகத்தில் மற்ற இருவரும் லக்சம்பேர்க்தான்.

இதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவரக் கூட்டக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் போதும். தொழில் தொடங்குமுன் வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொருவரும் என்ன கொண்டுவருகிறார் என்று எழுதுங்கள். மெசினை எழுதும்போது வறுக்கும் கையையும், வெயிலில் சைக்கிள் மிதிக்கும் காலையும், கணக்கு எழுதும் கண்ணையும், மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவையும் மறவாமல் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு கேள்வி கேளுங்கள். குழு இல்லாவிட்டால் இவர் எவ்வளவு உழைப்பார்? இவர் இல்லாவிட்டால் குழு எவ்வளவு இழக்கும்? விடைகள் துல்லியமாக வராது. மெசின் பழுதாகும், மழை பெய்யும், விலை இறங்கும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பக்கத்தைத் திறந்து மறுபடி பாருங்கள். எழுத வாசிக்கச் சிரமப்படுபவர் குழுவில் இருந்தால், எழுதியதை உரத்து வாசித்துக் காட்டிய பின்பே கையொப்பம் வாங்குங்கள்.

குறைந்த பங்கை வாங்கிக்கொண்டு பேசாமல் எழும்பிப் போகும் சகோதரி யார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். சில குழுக்களில் அந்தச் சகோதரி நீங்களாகவே இருக்கலாம். அடுத்த பங்கு பிரிக்கும் நாளில், "நான் வராமல் விட்டால் எவ்வளவு குறையும்?" என்று அமைதியாக ஒருமுறை கேளுங்கள். கணக்கோடு கேட்கும் கேள்வியைச் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது.